காதை நம்பாதீர்கள், வசனத்தைக் கேளுங்கள்: ஆங்கில மயங்கொலிச் சொற்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

புறக்கோட்டைச் செட்டியார் தெருவுக்கு ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட் என்று பெயர். எஸ்-ஈ-ஏ என்று எழுதினால் கடல் தெரு. எஸ்-ஈ-ஈ என்று எழுதினால் 'பார்' தெரு. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அதே தெருவின் நகைக்கடையில் 22 கரட் நகை வாங்குகிறோம். அந்தக் கரட் சீ-ஏ-ஆர்-ஏ-ரீ. இருபத்துநான்கு பங்கில் இருபத்திரண்டு பங்கு தங்கம் என்று பொருள், நூற்றுக்கு ஏறத்தாழ 91.6. இரத்தினக் கல்லை நிறுக்கும்போதும் இதே எழுத்துத்தான். அங்கே ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். மரக்கறிக் கடையின் கரட் சீ-ஏ-ஆர்-ஆர்-ஓ-ரீ. எழுதும்போது விட்டுப்போன சொல்லை இடையில் செருகப் போடும் கூரை போன்ற குறிக்கும் ஆங்கிலத்தில் கரட் என்றுதான் பெயர்: சீ-ஏ-ஆர்-ஈ-ரீ. ஒரே ஒலிக்கு மூன்று எழுத்துக்கூட்டு, நான்கு பொருள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய நோய் அல்ல. தலை, தளை, தழை என்றும் அரம், அறம் என்றும் சின்ன வகுப்பில் சொல்வதெழுதல் எழுதித்தான் வந்தோம். மயங்கொலியைத் தீர்க்க அன்று என்ன செய்தோமோ அதையேதான் இங்கேயும் செய்யவேண்டும்: ஒலியை விட்டு, அந்தச் சொல் வசனத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்கவேண்டும்.

வாசிக்கும்போது ஒரு பென்சிலும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். இங்கே ஆங்கிலச் சொற்களை எழுத்தின் பெயரைச் சொல்லியே தருகிறோம். ரீ என்றால் ரெலிபோனின் முதல் எழுத்து, டீ என்றால் டொக்டரின் முதல் எழுத்து. ஈ என்றால் எலிபன்ட்டின் முதல் எழுத்து, ஐ என்றால் பேனை மையான இங்க்கின் முதல் எழுத்து. பஸ்ஸுக்கும் பேப்பருக்கும் உரிய இரண்டையும் பீ என்றே எழுதியிருக்கிறோம். எது என்பது சொல்லைப் பார்த்தால் விளங்கும். ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். அப்படி எழுதுவதே முதல் பயிற்சி.

முதற்படி: எந்த வகை மயக்கம் என்று பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு மனப்பாடம் செய்வதுதான் பலரும் விடும் பிழை. மயக்கம் நான்கு வகை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று, ஒலி ஒன்று, எழுத்து வேறு. மேலே சொன்ன சீயும் கரட்டும் இந்த வகை. இரண்டு, எழுத்து ஒன்று, ஒலி வேறு. ஈயத்தைக் குறிக்கும் லெட், வழிநடத்துவதைக் குறிக்கும் லீட் இரண்டுமே எல்-ஈ-ஏ-டீ. மூன்று, எழுத்தும் ஒலியும் ஒன்று, பொருள் மட்டும் வேறு. காசு போடும் பேங்க், ஆற்றங்கரையாகிய பேங்க் போல. தமிழில் நதியாகவும் எண்ணாகவும் வரும் 'ஆறு' மாதிரி. இந்த மூன்றாவது வகையில் எழுத்துப்பிழைக்கே இடமில்லை. அதற்காக நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நான்காவது வகையை ஆங்கிலப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆங்கிலேயர் காதுக்கு வேறு வேறாகக் கேட்கும் சொற்கள் நமது காதுக்கு ஒன்றாகக் கேட்கும். மருந்துக் கடையில் கொடுக்கும் பில்லும் விழுங்கும் பில்லும் தமிழ் எழுத்தில் ஒரே பில். பரிசான பிரைஸும் விலையான பிரைஸும் அப்படித்தான். இது ஆங்கிலத்தின் குறை அல்ல. நமது எழுத்தில் அந்த வேறுபாட்டுக்குத் தனிக் குறி இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: கொப்பியை அமைக்கும் முறை

80 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். விரித்தால் இரண்டு பக்கம் எதிரெதிரே வருமல்லவா, ஒரு சோடிச் சொல்லுக்கு அந்த இரண்டு பக்கமும். இடப்பக்கத்தில் அடிக்கடி வரும் சொல்லை எழுதுங்கள். வலப்பக்கத்தை ஒரு கிழமைக்கு வெறுமையாக விடுங்கள்.

இந்த இடைவெளிதான் முழு முறையின் உயிர். ஒரே நாளில் சோடியின் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு பரீட்சையில் 'இரண்டில் ஒன்று' என்று மட்டும் ஞாபகம் வரும், எது என்று வராது. முதற்சொல் ஏழு நாளில் கைக்கு வந்தபின் இரண்டாவது சொல் வந்தால் அது வேறு ஆளாகத் தெரியும். பாடசாலையில் சோடியாகவே படித்துவிட்டீர்களா? பரவாயில்லை. ஒன்றை மூடிவைத்துவிட்டு மற்றதை மட்டும் ஒரு கிழமை எழுதுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் எழுதவேண்டியவை: சொல் பெரிய எழுத்தில், தமிழ்ப் பொருள் ஒரே ஒரு சொல்லில், அதன் சொந்தக்காரச் சொற்கள், நீங்களே எழுதிய மூன்று வசனம். ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்காதீர்கள். அந்த வழக்கம்தான் நான்காம் வகை மயக்கத்தை வளர்க்கிறது. கொப்பியில் 'பில்' என்று எழுதியவருக்கு அது எந்தப் பில் என்று மறுநாள் தெரியாது.

மூன்றாம் படி: சொந்தக்காரச் சொல்லைத் தேடுங்கள்

ஆங்கில எழுத்துக்கூட்டு ஏன் இப்படி இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் கோபம் குறையும். வில்லியம் கக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்தபின் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்தது. ஆனால் 1400 முதல் 1700 வரையான காலத்தில் உயிரொலிகள் தொடர்ந்து மாறிக்கொண்டிருந்தன. கடலான சீயும் பார்ப்பதான சீயும் அன்று வேறு வேறு ஒலி. வீரனான நைட் என்ற சொல்லின் முன்னால் நிற்கும் கே அன்று வாயில் ஒலித்தது. இரவான நைட்டில் அது இல்லை. ஒலிகள் ஒன்றாகிவிட்டன, எழுத்து பழையபடியே நின்றுவிட்டது. ஃபிளவர் என்றே ஒலிக்கும் மாவினதும் பூவினதும் கதை மறுதலை. இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்லில் பிறந்தவை. மா என்பது கோதுமையின் 'பூ', அதாவது சிறந்த பகுதி. பிற்காலத்தில்தான் மாவுக்கு எஃப்-எல்-ஓ-யூ-ஆர் என்றும் பூவுக்கு எஃப்-எல்-ஓ-டபிள்யூ-ஈ-ஆர் என்றும் எழுத்தைப் பிரித்தார்கள்.

எழுத்து பழைய உறவைக் காட்டுவதால், உறவைப் பிடித்தால் எழுத்து வரும். கேட்பதான ஹியர் எச்-ஈ-ஏ-ஆர். அதற்குள் காதான ஈ-ஏ-ஆர் இருக்கிறது. இங்கே என்ற ஹியர் எச்-ஈ-ஆர்-ஈ. இடத்தைச் சொல்லும் மூன்று சொல்லிலும் இந்த நான்கு எழுத்து உண்டு: இங்கே, அங்கே, எங்கே. ஆகவே 'அங்கே' என்ற தெயார் ரீ-எச்-ஈ-ஆர்-ஈ. 'அவர்களுடைய' என்ற தெயார் ரீ-எச்-ஈ-ஐ-ஆர். அதற்குள் வாரிசைக் குறிக்கும் எச்-ஈ-ஐ-ஆர் நிற்கிறது. உடைமை வாரிசுக்குப் போகும், அப்படி ஞாபகம் வையுங்கள். இறைச்சியான மீட் எம்-ஈ-ஏ-ரீ. உள்ளே சாப்பிடுவதான ஈ-ஏ-ரீ.

சைட் மூன்று. பார்வை எஸ்-ஐ-ஜீ-எச்-ரீ, வெளிச்சமான லைட்டோடு ஒரே குடும்பம். கட்டடம் எழும் இடம் எஸ்-ஐ-ரீ-ஈ; அமைந்திருப்பதைச் சொல்லும் சிச்சுவேட்டட்டும் எஸ்-ஐ-ரீ என்றுதான் தொடங்கும். மேற்கோள் காட்டுவது சீ-ஐ-ரீ-ஈ, சைட்டேஷனின் அண்ணன். பாராட்டான கொம்ப்ளிமென்ட்டில் எல்-ஐ. நிறைவாக்கும் கொம்ப்ளிமென்ட்டில் எல்-ஈ, ஏனென்றால் அது கொம்ப்ளீட்டின் சொந்தக்காரன்.

ஸ்டேஷனரி என்ற சொல் கொழும்பில் புத்தகக் கடைப் பலகைகளில் பிழையாகவே அதிகம் அடிபடும் சொற்களில் ஒன்று. கொப்பி, பேனை விற்கும் கடைக்கு முடிவு ஈ-ஆர்-வை. நகராமல் நிற்பதற்கு முடிவு ஏ-ஆர்-வை. பேப்பரின் கடைசியில் ஈ-ஆர் வருகிறது. பேப்பர் விற்கும் கடைக்கும் ஈ-ஆர். பலகை எழுதக் கொடுக்கும் முன் இதைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், வாய்ச்சொல்லில் விடாதீர்கள்.

பாடசாலை அதிபரான பிரின்சிப்பல் பீ-ஏ-எல் என்று முடியும். கொள்கையான பிரின்சிப்பல் பீ-எல்-ஈ என்று முடியும். விதியைச் சொல்லும் ரூல் என்ற சொல்லும் எல்-ஈ என்றே முடிகிறது, அதோடு கட்டிவையுங்கள். வங்கிக் கடனின் முதல் தொகையும் பீ-ஏ-எல்தான், வட்டிக்கு முன்னால் நிற்கும் முதன்மையானது என்பதால்.

கவுன்சில் இந்த ஊருக்கே உரிய சிக்கல். கொழும்பு மாநகர சபையின் ஆங்கிலப் பெயரில் வருவது சீ-ஓ-யூ-என்-சீ-ஐ-எல். ஜனாதிபதி சட்டத்தரணியைக் குறிக்கும் பட்டத்தில் வருவது சீ-ஓ-யூ-என்-எஸ்-ஈ-எல், ஆலோசனை சொல்பவர். கூடும் சபைக்கு சீ, சொல்லும் ஆளுக்கு எஸ். சட்டத்தரணிக்கு எழுதும் கடிதத்தில் இது மாறினால் முதல் வரியிலேயே மதிப்பு இறங்கும்.

துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்குத் தனிக் கொத்து ஒன்று உண்டு. கப்பலைக் கட்டி நிறுத்தும் மேடை கியூ-யூ-ஏ-வை. அதை 'குவே' என்று வாசிக்கிறவர்கள் பலர், ஆனால் உச்சரிப்பு திறப்பைச் சொல்லும் கீதான். குயின் எலிசபெத் கீ என்பதில் வருவதும் இதுவே. கப்பல் நிற்கும் இடமும் இரவு ரயிலின் படுக்கையும் பேர்த், நடுவில் ஈ-ஆர். பிறப்புச் சான்றிதழின் பேர்த்தில் நடுவில் ஐ-ஆர். பாய்மரமான செய்ல் எஸ்-ஏ-ஐ-எல், விற்பனையான செய்ல் எஸ்-ஏ-எல்-ஈ. கராஜ் பற்றுச்சீட்டில் வரவேண்டிய பிரேக் பீ-ஆர்-ஏ-கே-ஈ. உடைவதான பிரேக் பீ-ஆர்-ஈ-ஏ-கே. மின்சாரமான கரண்ட்டின் நடுவில் ஆர்-ஈ-என். கிறிஸ்மஸ் கேக்குக்குப் போடும் சின்னக் கறுப்பு உலர்திராட்சையான கரண்ட்டின் நடுவில் ஆர்-ஏ-என். பிந்தையது கிரேக்கத்தின் கொரிந்து நகரத்தின் பெயரிலிருந்து வந்தது.

நான்காம் படி: வசனத்தில் மாற்றிவைத்துப் பாருங்கள்

கொமா போல மேலே தொங்கும் குறி உள்ள சொற்களுக்கு ஞாபகக் கதை தேவையில்லை. விரித்துப் பார்த்தால் போதும். இட்ஸ் என்று எழுதும் இடத்தில் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்து வாசியுங்கள். வசனம் நின்றால் குறி வரும், விழுந்தால் குறி வராது. யுவர், ஹூஸ் இரண்டுக்கும் இதே சோதனை.

இங்கே பிழை வருவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு உடைமை சொல்லும்போது அந்தக் குறி வரும். ஆகவே 'அதனுடைய' என்பதற்கும் வரவேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஆனால் அவனுடைய என்ற ஹிஸ்ஸில் குறி இல்லை. அதனுடைய என்பதும் ஹிஸ்ஸின் தம்பி, அதற்கும் இல்லை.

பிராக்டிஸ், லைசன்ஸ் இரண்டும் பெயரா வினையா என்பதைப் பொறுத்தவை. இலங்கையில் நாம் எழுதுவது பிரித்தானிய ஆங்கிலம். அதில் பெயருக்கு சீ, வினைக்கு எஸ். சாரதி அனுமதிப்பத்திரம் பெயர், ஆகவே லைசன்ஸின் முடிவு சீ-ஈ. சந்தேகம் வந்தால் அட்வைஸைக் கொண்டு சோதியுங்கள்: 'அறிவுரை' என்பதில் சீ, 'அறிவுரை சொல்' என்பதில் எஸ்; அங்கே காதுக்கே வேறுபாடு கேட்கும். அமெரிக்கர்கள் பிராக்டிஸை எப்போதும் சீ போட்டும் லைசன்ஸை எப்போதும் எஸ் போட்டும் எழுதுவார்கள். கைத்தொலைபேசியின் விசைப்பலகை அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் சரியான சொல்லுக்கும் சிவப்புக் கோடு விழும். மொழி அமைப்பில் போய் ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

அஃபெக்ட் பெரும்பாலும் வினை, ஏயில் தொடங்கும். இஃபெக்ட் பெரும்பாலும் பெயர், ஈயில் தொடங்கும். முன்னால் 'த' அல்லது 'ஆன்' வைக்க முடிந்தால் ஈ.

ஐந்தாம் படி: எழுத்து ஒன்றாக, ஒலி வேறாக வருபவை

இவற்றில் அழுத்தம்தான் சாவி. இம்போர்ட், எக்ஸ்போர்ட், பெர்மிட், ரெக்கோர்ட், ஒப்ஜெக்ட், இன்கிரீஸ்: பெயராக வந்தால் முதல் அசையை அழுத்துங்கள், வினையாக வந்தால் இரண்டாம் அசையை. வாகனப் பெர்மிட்டில் அழுத்தம் முன்னால். அனுமதிப்பதைச் சொல்லும்போது பின்னால். கொப்பியில் அழுத்தும் அசைக்குக் கீழே கோடு போடுங்கள். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இதை நீட்டக்கூடாது. ரிப்போர்ட் பெயரானாலும் வினையானாலும் அழுத்தம் பின்னால்தான். விசிட் எப்போதும் முன்னால்தான்.

மற்றவை தனித்தனியாகப் படிக்கவேண்டியவை. நேரமான மினிட், நுண்ணிய என்ற பொருளில் மைனியூட். செல்லாத பயணச்சீட்டுக்கு இன்வலிட், அழுத்தம் நடுவில். நோயில் கிடப்பவரைக் குறிக்கும் பழைய பெயர்ச்சொல்லுக்கு அழுத்தம் முன்னால். இங்கே ஒரு கண்ணி: வழிநடத்தினான் என்ற இறந்தகாலம் எல்-ஈ-டீ மட்டும். வாசிப்பதான ரீட் இறந்தகாலத்திலும் ஆர்-ஈ-ஏ-டீ என்றே நிற்பதால், லீட்டையும் அப்படியே விட்டுவிடுகிறோம். நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களின் விண்ணப்பங்களிலும் இந்தப் பிழையைக் காணலாம்.

ஆறாம் படி: நமது காதைத் திருத்துவது

ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மெல்லிய தாள் துண்டை உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். மாத்திரையான பில்லைச் சொல்லும்போது தாள் ஆடவேண்டும். பற்றுச்சீட்டான பில்லுக்கு ஆடக்கூடாது. மாத்திரையான பில்லுக்கு ஆடவில்லை என்றால் காற்று போதாது.

அடுத்து விரலைத் தொண்டையில் வையுங்கள். அரிசியான ரைஸின் முடிவில் தொண்டை அதிராது. எழுவதான ரைஸின் முடிவில் அதிரும். அதிர்வைவிட நீளம் இன்னும் பயனுள்ள அடையாளம்: அதிரும் முடிவுள்ள சொல்லின் உயிரொலி சற்று நீண்டு வரும். விலையும் பரிசும், பனிக்கட்டியும் கண்களும் இதே முறை. லூஸும் அப்படித்தான்: தளர்ந்தது எல்-ஓ-ஓ-எஸ்-ஈ, அதிராது, இழப்பது எல்-ஓ-எஸ்-ஈ, அதிரும். ஓ ஒன்றை 'இழந்த' சொல் இழப்பதைக் குறிக்கிறது.

வெஸ்ட்டில் மேற்பல் கீழுதட்டைத் தொட்டால் உள்ளாடை. உதடு குவிந்து பல் தொடாமல் வந்தால் மேற்கு. மண்டபமான ஹோல் ஒரே ஒலியாக நீளும், வாய் திறந்தபடி. ஓட்டையான ஹோல் கடைசியில் 'உ'வுக்குச் சறுக்கும். இலங்கையில் இந்தக் கடைசிச் சோடி நிறையப் பேருக்குக் கலங்கும். தினம் பத்துத் தடவை கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள், உதட்டின் அசைவே வித்தியாசத்தைக் காட்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு சங்கடம் உண்டு. கோட்டை ரயில் நிலையப் பலகையில் உள்ள ஃபோர்ட்டும், சண்டையிட்டான் என்ற எஃப்-ஓ-யூ-ஜீ-எச்-ரீயும் தென் இங்கிலாந்துக்காரருக்கு ஒரே ஒலி, ஏனென்றால் அவர்கள் நடுவில் வரும் ஆரை ஒலிப்பதில்லை. நீதிமன்றமான கோர்ட்டும் பிடித்தான் என்பதும், சோஸும் மூலமான சோர்ஸும் அப்படியே. நாம் ஆரை உருட்டுவதால் நமக்கு அவை கலங்குவதில்லை. ஆனால் ஐஈஎல்ரீஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் கேட்டல் பகுதியில் பிரித்தானியக் குரல் வரும்போது திடீரென்று கலங்கும். அந்தப் பகுதியில் எழுத்துப்பிழை விட்டால் அந்த விடைக்குப் புள்ளி இல்லை.

ஏழாம் படி: சொல்வதெழுதல்

தனிச் சொல்லாகச் சொல்வதெழுதல் வைக்கக்கூடாது. 'சைட்' என்று மட்டும் சொன்னால் எழுதுபவர் எதை எழுதினாலும் சரி. பத்து வசனம் எடுங்கள். ஒவ்வொன்றையும் இயல்பான வேகத்தில் இரண்டு தடவை வாசியுங்கள், சொல்லைப் பிய்த்துப் பிய்த்து அல்ல. திருத்தும்போது இலக்குச் சொல்லை மட்டும் பாருங்கள்; மற்றப் பிழைகளில் சிவப்பு மை கொட்டினால் பிள்ளை சோர்ந்துவிடும். அதே பத்து வசனத்தை 1ஆம், 3ஆம், 7ஆம், 21ஆம் நாளில் திரும்ப வையுங்கள், வரிசையை மாற்றி. 21ஆம் நாளிலும் சரியாக வந்த சொல்லைக் கொப்பியில் வெட்டிவிடலாம். வராத சொல்லுக்குப் புது வசனம் எழுதுங்கள், பழைய வசனம் பயன்படவில்லை என்றுதான் பொருள்.

வீட்டில் வாசித்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் உங்கள் குரலிலேயே பதிந்து, இரண்டு நாள் கழித்துப் போட்டு எழுதுங்கள்.

கடைசியாக: அனுப்பும் முன் பார்ப்பது

எழுத்துப்பிழை திருத்தி இங்கே முழுத் துணை ஆகாது. பிழையான சொல்லும் ஆங்கிலத்தில் உள்ள சொல் என்பதால் அது பேசாமல் விட்டுவிடும். கணினியில் தேடும் கட்டத்தைத் திறந்து, உங்களுக்குத் தவறும் சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டி, வரும் இடமெல்லாம் வசனத்தோடு வாசியுங்கள். எல்லாருக்கும் பொதுவான பட்டியல் வேண்டாம்; கொப்பியில் இன்னும் வெட்டாத சொற்களே உங்கள் பட்டியல். பொதுவாக எட்டுப் பத்துக்கு மேல் போகாது.

கையெழுத்துப் பரீட்சையில் கடைசி மூன்று நிமிடத்தை இதற்கென்று வையுங்கள். கடைசி வசனத்திலிருந்து மேல்நோக்கி வாசியுங்கள், அப்போது கருத்தின் ஓட்டம் இழுத்துக்கொண்டு போகாது.

காசோலையில் தொகையைச் சொற்களில் எழுதும்போது நாலு எஃப்-ஓ-யூ-ஆர், ஆனால் நாற்பதில் யூ கிடையாது: எஃப்-ஓ-ஆர்-ரீ-வை. இரண்டு ரீ-டபிள்யூ-ஓ. எட்டு ஈ-ஐ-ஜீ-எச்-ரீ. காசோலை என்ற சொல்லே பிரித்தானிய வழக்கில் கியூ-யூ-ஈ என்று முடியும். சரிபார்ப்பதான செக் சீ-கே என்று முடியும்.

எவ்வளவு யோசித்தும் ஒரு சொல் பிடிபடவில்லை, கையில் அகராதியும் இல்லை என்றால் அந்தச் சொல்லை விட்டு வேறு சொல்லால் எழுதுங்கள். கடனின் பிரின்சிப்பல் என்பதற்கு லோன் எமவுண்ட் என்று எழுதலாம். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லுக்குக் கொப்பியில் ஒரு புது இடப்பக்கம் திறங்கள்.